பின்பக்கத்து ஜோடி

புது டயரில் முடி இருக்கும். பூனை மீசை கணக்காகக் குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ரப்பர் முடி, வண்டி ரோட்டில் ஓட ஓடத்தான் உதிரும். நிற்கிற வண்டியில் உதிராது. வியாழக்கிழமை சாயங்காலம், மழை விட்ட கையோடு, வீட்டுப் போர்ச்சில் குந்தி உட்கார்ந்து கமாருல் தன் காரின் இடது பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். முடி இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. மற்ற மூன்றிலும் முடி அப்படியே இருந்தது. வண்டியோ பட்டறையிலிருந்து வந்த நாளாய், மூன்று வருடமாக, வாசலைத் தாண்டவில்லை.

கையை எடுக்காமல் சற்று நேரம் இருந்தார். டயர் சுடுகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. மனைவி ஹஸ்னாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவருக்கு எல்லாமே இப்படித்தான். பல் பிடுங்க மருந்து போட்ட கன்னத்தைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது, அல்லவா? அந்த மாதிரி.

முந்தின நாள்தான் நான்கு ரிம்களையும் கழற்றி வேனில் போட்டு, மலையடிவாரத்துத் தாப்பா டவுனில் சீனர் கியாட்டின் டயர் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். எண்பத்தாறாம் வருடத்து ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, பதினாலு அங்குல ரிம். அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கியாட் உள்ளே போய் மூன்று வகையை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது ரேஸ்காரன் போடுறது, அண்ணே. ரப்பர் மெத்துமெத்துன்னு இருக்கும், காஞ்ச ரோட்டுல பல்லி மாதிரி ஒட்டிக்கும். ஆனா உங்க வண்டி கிழம் லா. இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா அதோட எலும்பு கழண்டுடும்."

"மழைக்கு எது?"

"மழைக்குன்னா இது. இந்தப் பள்ளம், காடி, நல்ல ஆழம், தண்ணிய வாரி வெளியே தள்ளும். பிடி கொஞ்சம் கம்மிதான், ஆனா வழுக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு வழுக்கும். அந்த மூணாவது இருக்கே, அது சொல்லாமக் கொள்ளாமக் கைய விட்டுடும்."

"சொல்லிட்டு வழுக்குறதையே குடு, தவ்கே," என்றார் கமாருல் கடை முதலாளியிடம்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் அச்சாகியிருந்ததைக் கியாட் காட்டினார். செய்த வாரம், செய்த வருடம். இந்த வருடத்துச் சரக்குதான். பழைய டயர்களைக் கொக்கிக் கத்தியால் ஓரத்தில் நீளக் கீறினார். கழித்த டயரை எவனும் தூக்கிப்போய் விற்கக் கூடாது என்பதற்காக அந்தக் கடையில் அப்படி ஒரு வழக்கம். "இந்தத் தடவை நாலும் புதுசு. நல்லது," என்றார்.

சொல்ல வேண்டியதை மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்போது இரண்டு டயர்தான் புதிதாகக் கிடைத்தது. "புதுச பின்னால போடுங்க அண்ணே. முன்னால வழுக்கினா சமாளிக்கலாம். பின்னால வழுக்கினா யாராலயும் பிடிக்க முடியாது."

கமாருல் சிரித்தார். "ஸ்டியரிங் முன்சக்கரத்தைத்தானே திருப்புது? வண்டிய ஓட்டப்போறது நானா, நீயா?"

இருபது வருடம் மலைப்பாதையில் ஓட்டியவன் என்கிற திமிர், வேறென்ன? புதியது முன்னால், தேய்ந்தது பின்னால். மறுவாரம் மலைமேல் ரிங்லெட் ஊரிலிருந்து இறங்கும்போது மழை. பத்தொன்பதாம் மைல், வலப்பக்க வளைவு. முன்பக்கம் கச்சிதமாகத் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. இடது கதவு பாறையில் போய் மோதியது. அந்தப் பக்கம்தான் ஹஸ்னா உட்கார்ந்திருந்தாள்.

ரோட்டில் லாரி எண்ணெய் சிந்திக் கிடந்தது என்று கமாருல் சொன்னார். ஊரே நம்பியது. மகள் நதீராவும் நம்பினாள். கியாட்டுக்கு மட்டும் தெரியும். அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

நதீரா இப்போது ஈப்போவில் படிக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை அந்தக் கார்லயே ரிங்லெட் போயி அம்மாவ அடக்கம் பண்ணின கப்ரைப் பாத்துட்டு வரலாம்பா. அம்மா சீட்டுல நான் உக்காந்துக்கறேன்." மூன்று வருடம் சாக்குச் சொல்லியாகிவிட்டது. இனிச் சொல்லச் சாக்கு இல்லை. அதனால்தான் டயர்.

வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று அடித்த அந்த மழையின் அடியில் வேறொரு சத்தம், ஈர ரோட்டில் டயர் ஓடும்போது வருமே, விடாமல் துணி கிழிப்பது போன்ற அந்தச் சத்தம், மலைமேல் எங்கோ தொடங்கி, வளைவு வளைவாக இறங்கி, தாமான் குடியிருப்பு முனையில் திரும்பி, போர்ச்சுக்குள் வந்து நின்றது. கமாருல் நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மழை விட்டதும் போய்ப் பார்த்தார். இப்போது வலது பின்சக்கரத்திலும் முடி இல்லை. பின்னால் இரண்டு டயரிலும் காடி பாதியாகத் தேய்ந்திருந்தது. இடது டயரின் காடிக்குள் செம்மண்ணும், பாறையில் படர்கிற பாசியும் அப்பியிருந்தன. ரப்பர் வெந்த நாற்றம். ஓரத்து நான்கு இலக்கத்தை விரலால் தடவினார்.

வருடம் வேறாக இருந்தது. கழித்துப் போட்ட பழைய டயரின் வருடம்.

சனிக்கிழமை காலை நட்டைக் கழற்றப் பார்த்தார். முன்சக்கர நட்டுகள் வந்தன. பின்சக்கரத்தில் ஒன்றுகூட அசையவில்லை. நேரே கியாட்டின் கடைக்குப் போனார்.

"தவ்கே, என் பழைய பின் டயர் ரெண்டும் எங்க?"

"கடைக்குப் பின்னால குமிச்சு வச்சிருக்கேன். கீறியாச்சே, அத வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

இருவரும் பின்பக்கம் போனார்கள். குவியலின் உச்சியில் இரண்டு டயர் கிடந்தன. ஆழக் காடி. மேலெல்லாம் முடி. ஓட்டவே ஓட்டாத புது டயர்கள். இரண்டின் ஓரத்திலும் கியாட்டின் கத்திக் கீறல்.

கியாட் குனிந்து இலக்கத்தைப் படித்தார். இந்த வருடத்துச் சரக்கு. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "நான் உங்க வண்டியத் தொடமாட்டேன், அண்ணே," என்றார். "அன்னைக்கே சொன்னேன். பின்னால போடுங்கன்னு சொன்னேன்." உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நதீரா வந்தாள். வந்ததும் வராததுமாகக் கமாருல் சொல்லிவிட்டார்.

"இன்னைக்குப் போகவேண்டாம்மா."

"மறுபடியுமா? மூணு வருஷமா இதே பாட்டுத்தான்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அந்தக் கார்மேல அப்படி என்னப்பா பயம்? எண்ணெய் சிந்தினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நதீரா சுவர்க் கொக்கியில் தொங்கிய கார் சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு முனைக் கடையில் பொரித்த வாழைப்பழம் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். கொக்கியில் சாவி அப்படியே இருந்தது. அதை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாலு மணி. மழை.

நிமிர்ந்தபோது கொக்கியில் சாவி இல்லை.

போர்ச்சுக்கு ஓடினார். கூரைக்குக் கீழே நின்ற கார் முழுக்க நனைந்து சொட்டியது. கண்ணாடிகள் உள்ளிருந்து ஆவி பிடித்து வெளுத்திருந்தன. உள்ளே ஓர் உருவம். ஓட்டுகிறவர் இருக்கையில், முக்காடு போட்ட தலை.

"நதீரா! இறங்கு!"

தலை அசையவில்லை. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார். நெஞ்சுக்குள் மூன்று வருடமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அப்போது உடைந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் கை வைத்தார். "எண்ணெய் இல்லம்மா. ரோட்டுல எண்ணெயே இல்ல. பின்னால போடுன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல. தேஞ்சதப் பின்னால போட்டேன். உங்கம்மாவ நான்தான் கொன்னேன்."

மழை. உள்ளே தலை மெல்லத் திரும்பியது.

"யார்கிட்டப்பா பேசுறீங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. வாசல் கதவருகே குடையும் பொட்டலமுமாக நதீரா நின்றாள்.

க்ளிக்.

இடது கதவு தானாகத் திறந்தது. பெல்ட்டு தானாக நீண்டது. அதன் கொக்கி காற்றில் தொங்கியது. அந்த இடது இருக்கை காலியாக இருந்தது.

"ஐ, போகலாமாப்பா? மனசு மாறிட்டீங்களா?" நதீராவின் முகம் மலர்ந்துவிட்டது. மழையில் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு இடது கதவை நோக்கி வந்தாள். இன்னும் நான்கு எட்டுத்தான் தூரம். மூன்று.

கமாருல் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். மொட்டை. ஓரத்தில் இப்போது கியாட்டின் கீறலும் வந்திருந்தது. கீறல் மெல்லத் திறந்தது. மூடியது. வெந்நீர் ஆவிபோல மூச்சு விட்டது.

மகளைத் தள்ளினார். அவள் தரையில் விழுந்தாள். அவர் ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

கதவு மூடியது. பெல்ட்டு நெஞ்சில் இறுகியது. ஈர மண் வாசம். வலப்பக்கம் அவர் திரும்பவில்லை. கியர்மேல் இருந்த கை மட்டும் தெரிந்தது. ஹஸ்னாவுக்கு அவர் போட்ட கல்யாண மோதிரம். நகத்தடியில் பாசி.

வெளியே நதீரா கண்ணாடியைத் தட்டினாள். அவள் வாய் அசைந்தது. எஞ்சின் ஓடவில்லை. வண்டி போர்ச்சுத் தரையில்தான் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் உள்ளங்கை, ஓர் அங்குலம்கூட நகராமல், அங்கேயேதான் இருந்தது.

அவருக்குக் கீழே பின்பக்கம் மெல்ல வழுக்கத் தொடங்கியது.