நெளி இல்லாத பலகை

தலையணை உறையில் மறுபடியும் வெள்ளைத் தூசு. காலையில்தான் மனைவி அதை உதறிப் போட்டிருந்தாள். "எங்கேர்ந்துதான் வருதோ சனியன்! தினம் உதறி உதறி என் கையே கழண்டுடும் போல" என்று அவள் மூன்று வருடமாகப் புலம்பிய புலம்பல், மதிய வெயிலில் மகளின் அறை வாசலில் நின்றவன் காதில் இப்போதுதான் உறைத்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கல்லூரியில் அவனுக்கு 'ஆணி' என்று பெயர். கட்டடப் பராமரிப்பு வேலை. வெறுஞ்சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது, எதையாவது அடித்து மாட்டிவிடுவான். மூன்று வருடத்துக்கு முன் பழைய வேதியியல் கட்டடத்தைப் பிரித்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் எதுவும் வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. கூரையிலிருந்து இறங்கிய நெளி ஷீட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தான். ஒரு துண்டு கேட்டு வந்த தச்சரைக்கூட விரட்டியடித்தான். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நெளி ஷீட்டு, இது யாருக்குத்தான் தெரியாது? உள்கூரையில் இருந்த தட்டைப் பலகைகளை மட்டும், குப்பைக்குத்தானே போகிறது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தான். மகள் அறையில் வெக்கை தாங்கவில்லை. அறுத்தான், துளை போட்டான், அவள் கட்டிலுக்கு மேலே வரிசையாக ஆணியடித்தான். மின்விசிறிக் கம்பிக்காக நடுவில் ஓர் ஓட்டை.

இன்று காலை கல்லூரி ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு வந்த நிபுணர், ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். தட்டையாக இருந்தது. ஓரத்தில் நீல முத்திரை.

"இதுவும் ஆஸ்பெஸ்டாஸ்தான். கூரை ஷீட்டைவிட இது மோசம், சட்டுனு உதிரும். தூசு மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கி, பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயா வரும். சும்மா விட்டா சும்மா இருக்கும். அறுக்காதீங்க, துளைக்காதீங்க, பெருக்காதீங்க, உதறாதீங்க."

"அப்போ நம்ம ஆணிக்கு வேலை போச்சு!" என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பாதிச் சிரிப்பில் மகளின் கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது: "அப்பா, எனக்கு மேல நீலமா என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?"

வாசலில் நின்றபடியே நிபுணருக்குப் போன் போட்டு, பலகை விஷயத்தைச் சொன்னான்.

"யாரும் உள்ள போகாதீங்க. ஃபேன் ஓடுதுன்னா முதல்ல நிறுத்துங்க. அங்க ஆள் யாரும் இல்லையே?"

"எம் பொண்ணு தூங்குறா."

"எத்தனை நாளா?" என்று அந்தக் குரல் மெல்லக் கேட்டது. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி பலகையில் உரசி 'டக்' என்றது, பழைய சுண்ணாம்பு மாதிரி ஒரு வறண்ட வாடை அறையெங்கும் இருந்தது, ஜன்னல் வழியே கட்டிலுக்குக் குறுக்கே விழுந்த வெயில் பட்டைக்குள் கோடி கோடியாகப் பொடிகள், எந்த அவசரமும் இல்லாமல், அவள் மூச்சை இழுக்கும்போது அவள் பக்கம் சாய்ந்து, விடும்போது விலகி ஆடின. ஸ்விட்ச் கட்டிலுக்கு அந்தப் பக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். மெதுவாக. கால் தரையைத் தேய்க்காமல்.

நிறுத்தினான்.

டக். டக். பிறகு ஒன்றுமில்லை.

காற்று நின்றதும் வெக்கை இறங்கியது. மகள் புரண்டாள். விழித்தாள்.

"ஏம்ப்பா ஃபேனை நிறுத்தின?"

எழுந்து உட்கார்ந்தாள். எழுந்ததும் தலையணையை உதற வேண்டும், அது அவள் அம்மா பழக்கிய பழக்கம். கை தானாகத் தலையணைக்குப் போனது.

உதறாதே என்று கத்த வேண்டும். கத்த மூச்சு வேண்டும். அவன் வாயை இறுக்கி மூடியிருந்தான். இந்த அறையின் காற்றை உள்ளே இழுக்க அவனுக்குப் பயமாக இருந்தது. பெற்ற மகள் மூன்று வருடமாக இழுத்த காற்று.

ஒரே ஒரு கணம்தான்.

பட். பட். பட்.

வெயில் பட்டை வெளுத்துப்போனது. அதற்குள் உட்கார்ந்தபடி, அப்பாவின் உப்பிய கன்னங்களைப் பார்த்துச் சிரித்து, அவள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.