மூன்றாவது சிப்

திரையில் துடித்த இதயமும் தன் கழுத்து நரம்பும் ஒரே தாளத்தில் துடிப்பதை நோராய்னி முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நண்பகல். பாதிப்பேர் பள்ளிவாசலுக்கும் மீதிப்பேர் சாப்பிடவும் போய்விட்டதால், அவள் காதில் விழுந்ததெல்லாம் ஏசியின் உறுமலும், வெளியே விடாத மழையும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கணினி இயந்திர அறையின் விசிறிகள் இழுத்த பெருமூச்சும்தான். நோயாளியின் இதயத்தைக் கணினிக்குள் அப்படியே துடிக்கவைக்கும் மென்பொருள் அவளுடையது. அதே நிரல் மூன்று வகைச் சிப்பிலும் ஓட வேண்டும். ஓடினால் போதாது, பறக்க வேண்டும். சோதனைக்கு யார் இதயத்தைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, சும்மா இருக்காமல் தன் ஸ்கேனையே கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

முதல் சிப்பில் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினாள். எழுபத்திரண்டு. மனம் கேட்கவில்லை, ஓட்டத்தை இரண்டாவது சிப்புக்கு மாற்றினாள். அது ஒன்றரை மடங்கு வேகம். நாற்காலியை விட்டு அசையாதவளுக்கு மாடிப்படி ஏறியதுபோல் மூச்சு வாங்கியது. எண்ணினாள். நூற்றெட்டு.

பயந்துபோய் நிறுத்தினாள்.

விசிறிச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. கழுத்தில் ஒன்றுமில்லை. மார்பில் ஒன்றுமில்லை. கண் இருட்டிக்கொண்டு வர, தட்டுத்தடுமாறி முதல் சிப்பிலேயே மறுபடி ஓடவிட்டாள். உள்ளே ஓர் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று.

இனி இது நிற்கக் கூடாது. நின்றால் அவள் செத்தாள்.

மேசைத் தொலைபேசி அலறியது. எடுத்தாள். இயந்திர அறையிலிருந்து சக ஊழியன் கியாட் ஹோங். கண்ணாடிக்கு அப்பால் கையாட்டினான்.

"அக்கா, மூணாவது சிப்பு ரெடி! நீங்க ஓட்டிட்டு இருந்ததை அப்படியே இங்க இழுத்துக்கிட்டேன். ஒரு எழுத்துகூட மாத்தல. நாப்பது மடங்கு வேகம்க்கா! இன்னைக்கு நாசி கண்டார் சாப்பாடு உங்க செலவு."

நெஞ்சுக்குள் இப்போது துடிப்பே இல்லை. ரீங்காரம்தான். ஒரே ரீங்காரம். பல் கிட்டியது. நாக்கில் இரும்பு ருசி. ரிசீவர் நழுவி மேசையில் விழுந்தது.

அவன் சிரிப்பு மறைந்தது.

"ஐயோ, என்னக்கா? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே!" ரிசீவருக்குள்ளிருந்து அவன் குரல் சிறியதாகக் கேட்டது. "இருங்க, இதை நிறுத்திட்டு ஓடி வரேன்."

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். அவசரத்தில் அவன் பார்க்கவில்லை. விசைப்பலகை மேல் குனிந்துவிட்டான்.