சரளைக்குள் ஈரம்

“இந்த மண்ணுக்கு என்ன கொடுத்தா வயிறு நிறையும்னு தெரியுமா, நியெவெஸ்?” என்று மேஸ்திரி தோன் ஃப்ரொய்லான் ஒருமுறை கேட்டார். ஒருரோ நகருக்கு வெளியே நெடுஞ்சாலை வேலை தொடங்கி, பூமித்தாய்க்குச் சாராயம் ஊற்றிய நாள் அது.

“கருவிலேயே செத்த லாமாக் குட்டி. எல்லாரும் அஸ்திவாரத்துல அதைத்தானே புதைக்கிறோம்?”

“அது வீட்டுக்கும்மா. இது நெடுஞ்சாலை,” என்று சிரித்தார்.

அன்று குடித்த கூட்டத்திலிருந்து அவள் கணவன் எலோய் மட்டும் வீடு திரும்பவில்லை. “எல்லை தாண்டி சிலிக்கு ஓடியிருப்பான். அங்க எவளாவது சூப் ஊத்துவா,” என்று வேலையாட்கள் கேலி பேசினார்கள். நியெவெஸ் அதையே நம்ப விரும்பினாள். ஓடிப்போனவன் என்றால் உயிரோடு இருப்பான்.

சிமெண்டும் சரளையும் கலந்து இறுக்கிய சாலை அடித்தளத்தைத் துளைத்து எடுத்த உருளைகளை நசுக்கி, பலம் பார்ப்பது அவள் வேலை. சில மாதம் கழித்து ஒரு மதியம் ஃப்ரொய்லான் கொண்டுவந்த உருளை அந்தக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுவென்று ஏதோ கசிந்தது. துடைத்தாள். துணியோடு நூல் நூலாக நீண்டு வந்தது.

இயந்திரத்தில் வைத்து அழுத்தினாள். வழக்கமாக உடையும் அளவைத் தாண்டியும் முள் ஏறியது.

“பலத்தைப் பாத்தியா! தேறிடுச்சுன்னு சொல்லிடு. நாளைக்கே தார் ஊத்திடலாம்.”

தார் ஊற்றிவிட்டால் அப்புறம் யாரும் தோண்டமாட்டார்கள்.

முள் நின்றது.

உருளை முனகியது.

கல் உடைகிற சத்தமே இல்லை. வாய் திறக்கிற சத்தம்தான் கேட்டது.

சொத்தைப் பல்லும் புளித்த சாராயமும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பிளந்த சரளைக்கு நடுவே, மென்று அதக்கிய கொக்கா இலை உருண்டை ஒன்று. பச்சை நுரை. கூடவே சோம்பு வாசம். எலோய்தான் சோம்பு சேர்த்து மெல்லுவான்.

உருண்டை மெல்லப் புரண்டது.

இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

நியெவெஸ் வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது, தொட்டித் தண்ணீரில் ஊறிய மற்ற உருளைகளைச் சுற்றியும் பச்சை நுரை கட்டியிருந்தது.

“இது அந்த இடத்துல எடுத்ததே இல்லையே...” ஃப்ரொய்லான் தன்னையறியாமல் முணுமுணுத்தார்.

“எந்த இடம், தோன் ஃப்ரொய்லான்?” அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. “எங்க புதைச்சீங்க அவரை?”

அவர் வாய் திறந்தார். இலை மெல்லும் பழக்கமே இல்லாத அந்த மனிதரின் உதட்டோரம் பச்சை எச்சில் வழிந்தது. புறங்கையால் துடைத்துப் பார்த்தார்.

மறுபடி மறுபடி துடைத்தபடியே வெளியே போனார்.