பாப்பா சாப்பிட்டாளா

கரண்ட் போன பிறகும் கோழிகள் கொத்திக்கொண்டே இருந்தன.

மூன்று வருடமாகத் தளி ரோட்டோரம் கம்பெனிக்குக் கோழி வளர்க்கும் சுஜாதாவுக்கு ஷெட்டின் எல்லாச் சத்தமும் அத்துப்படி. இருட்டினால் கோழி அப்படியே அமுங்கிவிடும். இருட்டில் தீனி தின்கிற கோழியை அவள் பார்த்ததே இல்லை. இன்றைக்கோ அந்தி மயங்கிப் பனி இறங்கி, உமியும் எச்சமும் கலந்த அந்தக் கார நெடி வாசல்வரை வந்து நிற்க, தகரக் கூரைக்குக் கீழிருந்து டொக் டொக்கென்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தீனி வண்டி நேற்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்படியென்றால் இந்தச் சனியன்கள் எதைக் கொத்துகின்றன?

இந்தத் தடவைக் கோழிகள் மட்டும் தம்பி மோகன்குமார் கொண்டுவந்து இறக்கியவை. ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். "மூளையில பசிய கிளப்பி வுடற சுரப்பு ஒண்ணு இருக்குதுக்கா, நியூரோபெப்டைடுன்னு பேரு. அதத் தூக்கி வுட குஞ்சுலயே கழுத்துல ஊசி போட்டுட்டோம். போதும்னே தோணாது. சீக்கிரம் எடை வந்துரும்," என்றான். புருஷன் செத்த பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியவன் அவன். அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு ஏது.

செல்போன் வெளிச்சத்தோடு படுதாவை விலக்கினாள்.

தீனித் தட்டுகள் காலி. கோழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு கோழியின் முதுகை இன்னொன்று கொத்திக்கொண்டிருந்தது. முதுகு பிளந்து சிவந்துபோன அந்தக் கோழி கத்தவில்லை, ஓடவில்லை. தனக்கு முன்னால் நின்றதன் இறக்கையைத் தின்றுகொண்டிருந்தது.

படுதாவை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஏழு வயது மகள் தர்ஷினி அடுப்படித் தரையில் சோற்றுக் குண்டானை மடியில் வைத்து வழித்துக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கும் சேர்த்து வடித்த சோறு, ஒரு பருக்கை இல்லை. ராகி மாவுப் பை கிழிந்து கிடந்தது. குழந்தையின் உதடெல்லாம் பச்சை மாவு. கன்னத்தில் கண்ணீர்.

"வயிறு வலிக்குதும்மா," என்றாள். "இன்னும் குடு."

போன் அடித்தது. மோகன்தான். இந்த வாரம் தினமும் கூப்பிடுகிறான். மாமனுக்குப் பாசம் பொங்குகிறது என்று பக்கத்து வீட்டு மாரம்மாவிடம்கூடப் பீற்றிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா சாப்டாளாக்கா? எவ்ளோ சாப்டா?"

தினமும் இதே இரண்டு கேள்வி. எந்த மாமன் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பான் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நொண்டிக் கோழி ஒன்றை ஒதுக்கி, "அடிச்சு கொழம்பு வைக்கா" என்றவன் அவன். புரட்டாசி விரதம் என்று ரசம் சோற்றோடு எழுந்தவனும் அவன். எந்தப் புரட்டாசிக்கு அவன் கறியை விட்டிருக்கிறான்? கோழித்தலையை உடைத்து, மூளையை விரலால் எடுத்து, ஆ காட்டு பாப்பா என்று ஊட்டியது அவன் கைதான். பாவி. சிரித்துக்கொண்டே ஊட்டினான்.

"டேய், தெரிஞ்சேதான் ஊட்டுனியா?"

"சமைச்சா போயிரும்னுதான் நெனச்சோம்க்கா. மனுசங்க சாப்ட்டாத்தான தெரியும். வெளியாளுங்கள கேக்க முடியுமா?"

"நான் உன் அக்காடா."

"அதனாலதான்க்கா." பிறகு, மெதுவாக, "நீயும்தான சாப்ட. உனக்கு எப்டி இருக்குது?"

மத்தியானம் நின்றபடியே மூன்று தடவை சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. கூடப் பிறந்தவன். நம்பினாள். அழக்கூட முடியவில்லை. போனைச் சுவரில் விட்டெறிந்தாள்.

தர்ஷினி தாவி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தோளில் குழந்தையின் பற்கள் பதிந்தன. இறங்கின. வலித்தது.

தள்ளவில்லை. தள்ளத் தோன்றவில்லை.

பிள்ளையின் கழுத்து. பவுடர் வாசனை. வேர்வை. சூடு.

சுஜாதாவுக்கு எச்சில் ஊறியது. விழுங்கினாள். திரும்பவும் ஊறியது. குழந்தையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.