பாரிசுக்குப் போகும் படம்

ஹுலூசி எஃபெந்தி காவல்துறை வேலையை விட்டபின் காலைக் காப்பியைப் பேசாமல் குடிக்கப் பழகியிருந்தார். அந்த மௌனத்தை ஓவியர் நெவ்ரெஸ் பே வந்து கலைத்தார்.

"என் படத்தைக் கெடுத்துட்டாங்க, எஃபெந்தி. சாயங்காலக் கப்பல்ல பாரிசு போகணும். என் தங்கச்சி பெஹிஜே புத்தகம் படிக்கிற மாதிரி வரைஞ்சிருந்தேன். இப்ப அவ கையில ஹூக்கா."

பாரிசுக் கண்காட்சி அவருடைய படங்களை இருமுறை திருப்பியனுப்பியிருந்தது. இஸ்தான்புல் பெண்கள் எங்கே புத்தகம் படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தது.

ஓவியக்கூடத்தின் சாவி நெவ்ரெஸிடமும் பெஹிஜேயிடமும் பிரெஞ்சுப் பட வியாபாரி டெலோர்மிடமும் இருந்தது. அங்கே போனதும், ஹுலூசி கூட்டிவந்த பழைய உதவியாளன் ஷெம்சி படத்தை மோந்து பார்த்தான்.

"சாயம் ஈரமாத்தான் இருக்கு. டெலோர்ம் வேலைதான் எஃபெந்தி. ஹூக்கா வரையச் சொல்லி நச்சரிச்சவன் அவன்தானே?"

ஹுலூசி வெகுநேரம் படத்தின் முன் நின்றார். மெத்தையில் சாய்ந்த பெண். கையில் குழாய். தலைக்கு மேலே சுவர்மாடத்தில், பச்சைத் துணி சுற்றிய ஒரு புத்தகம்.

"மாடத்துல இது முதல்லயே இருந்துச்சா?"

"இல்ல, காலி மாடம்தான்" என்றார் நெவ்ரெஸ்.

அப்போது பெஹிஜே காப்பித் தட்டுடன் வந்தாள்.

"ஷெம்சி, மடியில இருக்கற புத்தகத்தை டெலோர்ம் எப்படி மறைப்பான்?" என்று கேட்டார் ஹுலூசி.

"மேல சாயத்தை அப்பிட்டுப் போவான்."

"இல்லன்னா கம்பளத்துல ஹூக்கா பக்கம் போட்டு வரைவான். எழுத்து உள்ள தாள் தெருவுல கெடந்தாக்கூட எடுத்து உசரத்துல வைக்கிறவங்க நாம. இந்தக் கை, பொய்யா வரையும்போதும் புத்தகத்தைத் துணியில சுத்தி மேல வச்சிட்டுத்தான் குழாயைத் தொட்டிருக்கு. நெவ்ரெஸ் பே, இதைச் செஞ்சது வெள்ளைக்காரனா இருக்கணும்னு நீங்க ஆசைப்பட்டீங்க."

பெஹிஜே தட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தாண்ணா. நீ கத்துக்குடுத்த கைதான்."

"ஏம்மா?"

"ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. ரெண்டு தடவையும் நீ வாரக்கணக்கா சுவரைப் பாத்து உக்காந்திருந்தே. நான் படிக்கிறதை அவங்க நம்பல. நம்புறதையே குடுத்துட்டா, உன் பேராவது அங்க தொங்கும்."

நெவ்ரெஸ் டர்பன்டைனில் நனைத்த துணியை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அடியில உள்ளதும் காயல. துடைச்சா எல்லாம் போயிடும்."

கீழே குதிரைவண்டி வந்து நின்றது. டெலோர்ம் மூச்சு வாங்க மேலேறி வந்து படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் நண்பரே, உங்க நாட்டை உள்ளபடி வரைஞ்சிருக்கீங்க. கையெழுத்து எங்கே?"

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லட்டுமா?" என்று ஷெம்சி முணுமுணுத்தான்.

"சொன்னா நம்புவாரா?" என்றார் ஹுலூசி.

நெவ்ரெஸ் துணியை மேசைமேல் வைத்தார். பெஹிஜே தூரிகையைத் துடைத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, படத்தைப் பார்க்காமலே, மூலையில் தம் பெயரை எழுதினார்.