மேகாளி தொடங்கும் நேரம்

வெண்மேட்டில் பல் துலக்குவதற்கு முன்பே அன்றைய காற்றை வரவழைத்துக்கொள்வார்கள். நிலாக் குடியிருப்பில் வேறு வழியில்லை. காற்று, தண்ணீர், வெப்பம் எல்லாமே மேகக் கணினி வழியே வரும் சேவைகள். கேட்டால் வரும், கேட்காவிட்டால் மூச்சு முட்டும்.

அன்று கேட்டும் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தது என்று பழைய நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டது. பொறியாளர் மரகதவல்லி பதறவில்லை. இந்தச் சேவைகளையெல்லாம் கட்டி மேய்க்க ‘மேகாளி’ என்ற திறமூல மென்பொருளை முன்பே நிறுவி வைத்திருந்தாள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் வந்தன: ‘இராகு காலம். முடிந்ததும் தொடங்கும்.’

யாரும் திருத்தலாம் என்றால் யாரும்தானே! பூமியில் எந்தப் புண்ணியவானோ அக்கறையாகச் சேர்த்துவிட்ட வரி அது. பகலில் எட்டில் ஒரு பங்கு என்று கணக்கு. நிலாவில் ஒரு பகல் இரண்டு வாரம். ஆகவே இராகு காலம் ஏறக்குறைய இரண்டு நாள்.

குழந்தைகள் கூடத்தில் இருந்த காற்று அரை மணிகூடத் தாங்காது. அழுத்தம் குறைந்ததும் அதன் கதவு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே மரகதவல்லியின் கைக்குழந்தை குழலியும் இருந்தாள்.

“அந்த வரியை அழிச்சிடறேன் சார். கையை வைங்க.” எந்தத் திருத்தத்துக்கும் இருவர் கைரேகை வேண்டும்.

தலைமைப் பொறியாளர் இன்பசேகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அழிக்க வேணாம்மா, எதுக்கு வம்பு? ஊரை மாத்திடு. கும்பகோணம்னு போடு. அங்க இந்நேரம் முடிஞ்சிருக்கும்.”

“பைத்தியக்காரத்தனம் சார் இது!” வாதாட நேரமில்லை. கத்திக்கொண்டே ஊரை மாற்றினாள். இருவரும் கைரேகை வைத்தார்கள்.

‘கும்பகோணம். இராகு காலம் முடிய இன்னும் நான்கு நிமிடம்.’

கூடத்தின் அபாய மணி அடிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால் ஆயா குழலியைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. இன்பசேகரனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“போதும்மா! அழிச்சுத் தொலை. இந்தா!” உள்ளங்கையைக் கைரேகைத் தட்டின்மேல் அறைந்தார்.

இனி அவள் கை மட்டுமே வைக்க வேண்டும். மரகதவல்லி கையை நீட்டினாள். தட்டைத் தொடாமல் கை அப்படியே நின்றது. இதுவரை வராத ஒரு பயம் அவளுக்கு வந்துவிட்டது.

“உள்ள இருக்கறது என் குழந்தை சார்” என்றாள். “நாலு நிமிஷம்தானே? எதுக்கும் முடியட்டும்.”