எப்பவும் உள்ள தோசை

பிச்சைக்கண்ணு அண்ணாச்சி இறந்த பிறகு, அன்றுதான் மறுபடியும் கடை திறந்தது.

டவுணில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி இருந்தது அந்தச் சின்னத் தோசைக் கடை. இசக்கிச்செல்வியின் அப்பா அவரை அண்ணாச்சி என்பார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் இசக்கியும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவர் சிரித்துக்கொள்வார். அம்மா காலையிலேயே மில்லுக்குப் போய்விடுவதால் இசக்கி சாப்பிடுவது அங்கேதான்.

அண்ணாச்சி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆள் படியேறும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"அப்பாத்துரை சாருக்கு ஒண்ணு! ஜெபராணி டீச்சருக்கு ஒண்ணு!"

என்ன தோசை என்று சொல்லமாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நிற்கும் அவர் மனைவி ஆறுமுகத்தாய் அத்தைக்கு அது தெரியும். சுட்ட தோசையை அவரே வாங்கிவந்து இலையில் வைப்பார். எல்லாரும் போன பிறகு கடைசியாக ஒரு குரல் வரும்: "ஆறுமுகத்தாய்க்கு ஒண்ணு!" அவர் கூப்பிடாவிட்டால் அத்தை சாப்பிடவே மறந்துவிடுவாள்.

இன்று முக்காலி காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

அத்தை ஈரக்கையோடு வெளியே வந்து நின்றாள். "சார், உங்களுக்கு என்ன தோசை?"

அப்பாத்துரை சார் வழுக்கைத் தலையைத் தடவினார். "எனக்கு எப்பவும் உள்ளதுதான்."

"முறுகலா, மெத்துனா?"

"அது தெரியலயேம்மா. அண்ணாச்சிக்குல்லா தெரியும்!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

ஜெபராணி டீச்சரும் "எப்பவும் உள்ளதுதான்" என்றார்.

அத்தை உத்தேசமாகச் சுட்டுக் கொண்டுவந்தாள். சாருக்குக் கிடைத்தது முறுகல் தோசை. மெல்ல முடியாமல் பாதியை இலையிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். டீச்சரின் தோசையில் எண்ணெய் மிதந்தது. அவர் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றார்.

மிச்சம் விழுந்த இலைகளோடு அத்தை உள்ளே போனாள். இசக்கியும் பின்னாலேயே போனாள். அத்தை இலைகளைக் கீழே போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவரு இருந்தப்போ இலையில மிச்சம் விழுந்ததில்ல, தாயி. இன்னையோட கடையப் பூட்டிருதேன். களக்காட்டுல தம்பி வரச் சொல்லுதான். போயிருதேன்."

இசக்கி அத்தையின் கையிலிருந்த இலைகளைப் பார்த்தாள். கடையும் இல்லை என்றால் அண்ணாச்சி முழுசாகப் போய்விடுவாரே!

"அப்பாத்துரை சாருக்குப் போய் ஏன் அத்தை முறுகலாக் குடுத்தீங்க?"

அத்தை திடுக்கிட்டாள். "அவரா அப்பாத்துரை சாரு? அவருக்குப் பல் இல்லையேட்டி! அப்போ அந்தக் கண்ணாடி போட்டவங்க?"

"ஜெபராணி டீச்சர்."

"ஐயோ, அவங்களுக்கு எண்ணெயே ஆகாது!" அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பேரைச் சொன்னா என் கை தானா ஊத்தும். முகம்தான் ஒண்ணும் தெரியாது. அடுப்ப விட்டு நான் எங்க வந்தேன்?"

இசக்கி வாசலுக்கு ஓடினாள். முக்காலியில் உட்காரவில்லை, அதன் பக்கத்தில் நின்றாள்.

"அப்பாத்துரை சாருக்கு ஒண்ணு."

குரல் எழும்பவே இல்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அண்ணாச்சி மாதிரியே கத்தினாள்.

"அப்பாத்துரை சாருக்கு ஒண்ணு!"

கடையே திரும்பிப் பார்த்தது. சற்று நேரத்தில் மெத்தென்று ஒரு தோசை வந்தது. சார் ஒரு விள்ளலை வாயில் போட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பள்ளிக்கூடம் போகணும். இனி அவங்கவங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. பேரு போதும்" என்றாள் இசக்கி.

டீச்சர் கூச்சத்தோடு எழுந்தார். "ஜெபராணி டீச்சருக்கு ஒண்ணு!" தன் பெயரோடு தானே டீச்சர் என்று சேர்த்துக்கொண்டதில் அவருக்கே சிரிப்பு வந்தது.

மூலையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "முத்துமாலைக்கு ரெண்டு!"

"முத்துமாலைக்கு எப்பவும் மூணுல்லா!" என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். இந்தமுறை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை.

கடை காலியானது. பையை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்த இசக்கி அப்படியே நின்றாள். எல்லாரும் அவரவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு பெயர் மட்டும் பாக்கி. அந்தப் பெயருக்கு உரியவள் தானாகக் கூப்பிட்டுக்கொள்ளமாட்டாள்.

"ஆறுமுகத்தாய்க்கு ஒண்ணு!"

இசக்கி காத்திருந்தாள்.

பிறகு, கல்லில் மாவு விழுந்து சொய்ங் என்றது.

"ஏட்டி, நாளைக்கும் வருவேல்லா?" என்று கேட்டாள் அத்தை. "அரிசி ஊறப் போடுதேன்."